உலக விவசாயத்தைப் பற்றிப் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

பள்ளிக்கூடப் புவியியல் பாடத்தில் விவசாய வகைகள் என்று ஒரு பட்டியல் வரும். இடப்பெயர்வு விவசாயம், தன்னிறைவு விவசாயம், தீவிர விவசாயம், வணிக விவசாயம், தோட்ட விவசாயம், மேய்ச்சல். 1936-இல் டெர்வென்ட் விட்டில்சி என்ற அமெரிக்கப் புவியியலாளர் உலகத்தை வேளாண் மண்டலங்களாகப் பிரித்துக் காட்டினார். நம் பாடப் பட்டியல்களில் அந்தப் பிரிவினையின் சாயல் இன்னும் இருக்கிறது. அவர் காட்டியது எங்கே என்ன நடக்கிறது என்பதை. நாமோ அதைப் படிக்கட்டாகப் படித்துவிட்டோம். கீழ்ப்படியில் காட்டை எரித்துப் பயிரிடுபவர், மேல்படியில் ஜி.பி.எஸ். பொருத்திய டிராக்டரில் உட்கார்ந்திருப்பவர். கீழே இருப்பவரை மேலே ஏற்றிவிட வேண்டும் என்று ஆளாளுக்குத் துடிக்கிறோம்.

காவிரிப் படுகையில் நெல் போடும் வீட்டில் பிறந்தவன் நான். எந்த ஊர் விவசாயத்தைப் பற்றிப் படித்தாலும் ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளப் பழகியிருக்கிறேன்: அங்கே எதற்குத் தட்டுப்பாடு? நிலத்துக்கா, ஆளுக்கா, தண்ணீருக்கா, எருவுக்கா? எது குறைவோ அதை மிச்சம் பிடிக்கத்தான் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் முறையைக் கட்டியிருப்பார்கள். இதைக் கேட்காமல் பேசும்போது என்னென்ன தவறுகள் வருகின்றன என்று பார்ப்போம்.

“காட்டை எரிப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள்”

காட்டை எரித்துப் பயிரிடும் முறையை வடகிழக்கு மாநிலங்களில் ஜூம் என்கிறார்கள். இலங்கையில் சேனை. சங்கப் பாட்டில் கிளி ஓட்டும் பெண்கள் காவல் காத்த தினைப்புனமும் மலைச்சரிவுக் காட்டைத் திருத்திப் பயிர் செய்த நிலம்தான். காட்டின் ஒரு பகுதியை வெட்டிக் காயவைத்து, எரித்து, முதல் மழைக்கு விதைப்பார்கள். ஓரிரு வருடம் விளைந்ததும் விட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போவார்கள்.

மலைச்சரிவில் எருவும் குறைவு, ஆளும் குறைவு. தாராளமாக இருப்பது நிலம். அதனால் நிலத்தைச் செலவழித்து மற்ற இரண்டையும் மிச்சம் பிடிக்கிறார்கள். மண்ணுக்கு உரம் போடுவது, விட்டுப்போன இடத்தில் திரும்ப வளரும் காடு. அந்த ஓய்வுக் காலம் பத்துப் பதினைந்து வருடம் இருக்கும்வரை முறை சரியாகவே ஓடும். மக்கள் தொகை பெருகி, காடு வேறு வேறு கைகளுக்குப் போய், ஓய்வு நாலைந்து வருடமாகச் சுருங்கிய இடங்களில்தான் மண் கெடுகிறது. நாம் அந்தச் சுருங்கிய நிலையைப் பார்த்துவிட்டு முறையையே குறை சொல்கிறோம்.

நாகாலாந்தில் கோனோமா என்ற ஊர் இருக்கிறது. அங்காமி நாகர்களின் ஊர். அங்கே ஜூம் நிலத்தில் ஆல்டர் மரங்களை வேரோடு வெட்டுவதில்லை. ஆள் உயரத்துக்கு அடிமரத்தை விட்டு, மேலே கழித்துவிடுகிறார்கள். மொட்டையாக நிற்கும் அந்த மரங்களுக்கு நடுவே பயிர் வளர்கிறது. ஆல்டரின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன, நம்மூர் உளுந்தின் வேரில் நடப்பதுபோல. பயிர் முடிந்ததும் அடிமரம் துளிர்த்துத் தழைக்கிறது. ஓய்வுக் காலம் குறைந்தாலும் மண் தாக்குப்பிடிக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று எந்த வாயால் சொல்வது?

“அமெரிக்காக்காரன் நம்மைவிட நன்றாக விளைவிக்கிறான்”

எதில் என்று கேட்க வேண்டும். ஏக்கர் கணக்கிலா, ஆள் கணக்கிலா?

2022 கணக்குப்படி அமெரிக்காவில் ஒரு பண்ணையின் சராசரி அளவு 463 ஏக்கர். 2015-16 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அமெரிக்கக் கோதுமை ஹெக்டேருக்கு ஏறக்குறைய 3 டன்தான் விளைகிறது. குட்டி நாடான நெதர்லாந்து 8 டன்னுக்கு மேல் எடுக்கிறது. அமெரிக்கச் சமவெளியில் நிலம் கொட்டிக்கிடக்கிறது, ஆள்தான் இல்லை. அதனால் ஒரு குடும்பம் பெரிய மிஷினை வைத்து நூற்றுக்கணக்கான ஏக்கரை ஓட்டுகிறது. ஏக்கருக்கு எவ்வளவு என்பது அவர்களுக்கு இரண்டாவது கவலை. நெதர்லாந்தில் நிலம்தான் பஞ்சம். அதனால் கண்ணாடிக் கூரைக்குள் வெப்பத்தை விலை கொடுத்து வாங்கித் தக்காளி வளர்க்கிறார்கள். 2022-இல் எரிவாயு விலை ஏறியபோது அதே கண்ணாடிக் கூடங்கள்தான் திணறின.

நவீனம் என்றதும் நமக்குப் பெரிய டிராக்டர்தான் கண்ணில் வருகிறது. சிறு நிலக்காரர்களின் நாடான ஜப்பான் பவர் டில்லரையும் சின்ன நடவு மிஷினையும் தன் வயலின் அளவுக்கு உருவாக்கிக்கொண்டது. வரப்பை வெட்டி வயலை மிஷினுக்கு ஏற்றபடி மாற்றுவதற்கு முன்னால் மிஷினை வயலுக்கு ஏற்றபடி மாற்ற முடியுமா என்று அவர்கள் பார்த்தார்கள்.

“ஒரு மிஷின், ஒரு சட்டம், ஒரு விளைவு”

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. பஞ்சாபைப் பார்த்தால் விளங்கும்.

பசுமைப் புரட்சிக்கு முன்னால் பஞ்சாபில் நெல் பெரிய பயிர் கிடையாது. கோதுமை, மக்காச்சோளம், கொண்டைக்கடலை, பருத்தி என்றிருந்த மண் அது. குழாய்க்கிணறும், உறுதியான அரசுக் கொள்முதலும், பிறகு இலவச மின்சாரமும் சேர்ந்து நெல்லைக் கொண்டுவந்து நட்டன. நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போனது. கொளுத்தும் கோடையில் நட்டால் தண்ணீர் ஆவியாகிப் போகிறது என்று 2009-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: ஜூன் 10-க்கு முன்னால் நடவு கூடாது. தண்ணீரை மட்டும் பார்த்தால் நியாயமான சட்டம்.

ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுப்பும் தள்ளிப்போகும். நெல் அறுபடுவது அக்டோபரில். நவம்பர் நடுப்பகுதிக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும், தாமதமானால் கதிர் முற்றும் நேரத்தில் வெயில் வந்துவிடும். இடையில் கிடைப்பது இரண்டு மூன்று வாரம். ஆள் கிடைக்காமல் வந்த அறுப்பு மிஷின் கதிரை எடுத்துக்கொண்டு முழங்கால் உயரத் தாளை நிறுத்திவிட்டுப் போகிறது. மிச்ச வைக்கோலை மேலே உதறிவிட்டும் போகிறது. நம்மூரில் என்றால் “வைக்கோலை ஏன் எரிக்கிறான், மாட்டுக்குப் போடலாமே” என்போம். பஞ்சாபில் மாடு தின்பது கோதுமைத் துரும்பு. சிலிக்கா நிறைந்த நெல் வைக்கோலை அங்கே தீவனமாக மதிப்பதில்லை. தீக்குச்சி ஒன்றே மலிவான வழியாகிப் போகிறது. அக்டோபர் கடைசியில் காற்றும் மந்தமாகிறது, புகை டெல்லிவரை வந்து படுக்கிறது.

எல்லாக் குற்றத்தையும் விவசாயி தலையில் கட்டுவது சுலபம். ஆள் தட்டுப்பாட்டை மிஷின் தீர்த்தது. தண்ணீர்த் தட்டுப்பாட்டைக் குறைக்கச் சட்டம் வந்தது. இரண்டும் சேர்ந்து நாள் தட்டுப்பாட்டை உண்டாக்கின. தாளுக்கு ஊடாகவே கோதுமையை விதைக்கும் ‘ஹேப்பி சீடர்’ என்ற கருவி இருக்கிறது. ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் அதை வாடகைக்குக் கேட்டுக் காத்திருக்கும்போது அவருடைய இரண்டு வாரமும் கரைந்துவிடுகிறது. நெல்லுக்கு இருக்கும் அதே கொள்முதல் உறுதி மக்காச்சோளத்துக்கும் பருப்புக்கும் கிடைக்காதவரை அவர் நெல்லை விடமாட்டார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் விடமாட்டேன்.

“விளைச்சல் கூடினால் எல்லாருக்கும் நல்லது”

பழைய நெல் உயரமானது. உரம் போட்டால் இன்னும் உயர்ந்து, கதிர் கனத்துச் சாய்ந்துவிடும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் வெளியிட்ட ஐ.ஆர்.8 என்ற நெல் ரகம் குட்டையாக நின்றது, உரத்தைத் தாங்கியது, நாலு மாதத்துச் சொச்சத்தில் அறுப்புக்கு வந்தது. கோதுமையில் இதே வேலையைச் செய்த நார்மன் போர்லாக் 1970-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். பட்டினியைத் தள்ளிப்போட்ட விதைகள் இவை. அந்த நன்றியை மறக்கக் கூடாது.

அதே நேரத்தில் தஞ்சை மாவட்டத்தில் ஏ.டி.டி.27 என்ற புதிய நெல் ரகம் பரவிக்கொண்டிருந்தது. நெல் குவிந்தது. நட்டவர்களும் அறுத்தவர்களும் கூடுதல் கூலி கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் தலித் கூலி விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். சாதிக்கொடுமையும் நிலவுடைமையும் காலங்காலமாகச் சேர்ந்து மூட்டிய தீ அது. அதை ஒரு விதையின் மேல் போட முடியாது. ஆனால் மகசூல் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்து அந்தப் பத்தாண்டை ‘வெற்றி’ என்று எழுதுகிறவர்கள், கூடிய நெல் யார் களஞ்சியத்துக்குப் போனது என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

தோட்ட விவசாயத்துக்கும் இதே கேள்வி உண்டு. இலங்கை மலைகளில் 1869-இல் இலைத்துரு நோய் பரவத் தொடங்கி, காப்பியை அழித்து, பிறகு தேயிலை வந்தது. ஏற்றுமதி, ஆலை, கப்பல் என்று அன்றைக்கே அது முழு நவீனத் தொழில். இலையைக் கிள்ளிய கை மட்டும் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிப்போன கூலித் தொழிலாளியின் கை.

“ரசாயனத்தை நிறுத்திவிட்டால் போதும்”

இது எதிர்ப்பக்கத்துத் தவறு. நல்ல மனதோடு செய்யப்படுவதால் இன்னும் ஆபத்தானது. 2021-இல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே வீச்சில் தடை செய்தது. பத்து வருடத்தில் மெல்ல மாறுவோம் என்பதுதான் தேர்தலில் சொன்ன வாக்கு. விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். நவம்பரில் தடை விலக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகம் என்னும் முக்கியச் சாகுபடிப் பருவத்துக்கு உரம் தேவைப்பட்ட நாட்கள் போய்விட்டன. நெல் விளைச்சல் சரிந்தது, நாடு அரிசி இறக்குமதி செய்தது.

கணக்கு எளிது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. மட்கிய எருவில் இருப்பது சதவீதம் ஒன்றோ இரண்டோதான். ஒரு மூட்டைக்கு ஈடுகட்ட ஒன்றரை டன் எரு வேண்டும், அதுவும் மெதுவாகத்தான் பயிருக்குப் போய்ச் சேரும். இவ்வளவு எருவுக்கு மாடு எங்கே, ஏற்றி இறக்க ஆள் எங்கே? இயற்கை விவசாயத்தை நான் மதிக்கிறேன். அது கேட்கும் மாட்டையும் ஆளையும் காலத்தையும் கொடுக்காமல் அதைக் கேட்பது அந்த முறைக்கே கெட்ட பெயரை வாங்கித் தருகிறது.

“மேய்ச்சல்காரர்கள் விவசாயிகள் இல்லை”

சஹாரா ஓரத்தில் மாடு ஓட்டுபவரையும் மங்கோலியப் புல்வெளிக்காரரையும் ஓரிடத்தில் குடியமர்த்திவிட வேண்டும் என்று அரசுகள் பலமுறை முயன்றிருக்கின்றன. மழை எங்கே பெய்யும் என்று சொல்ல முடியாத மண்ணில் நகர்வதுதான் பிழைக்கும் வழி. சாகேல் எனப்படும் அந்தச் சஹாரா ஓரப் பகுதியில் ஆழ்துளைக் கிணறு போட்ட இடங்களைச் சுற்றி மந்தைகள் தங்கிவிட, சுற்றுவட்டாரப் புல் வேரோடு போனது.

எங்கள் பக்கத்துக்கு மாசி, பங்குனியில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு கீதாரிகள் வருவார்கள். அறுத்த வயலில் பகலில் மேய்ச்சல், இரவில் கிடை. வலையைக் கட்டி ஆடுகளை உள்ளே விட்டால் விடியும்வரை கசகசவென்ற சத்தம். மறுநாள் காலையில் அந்த இடத்தில் கால் வைத்தால் புழுக்கை பாய் விரித்தாற்போல் இருக்கும், மூத்திரத்தின் காரம் மூக்கில் ஏறும். அன்று ராத்திரி வலை அடுத்த துண்டு வயலுக்கு நகரும். இத்தனை ராத்திரிக்கு இவ்வளவு என்று அப்பா பேசி முடிப்பார், பாதி பணம், பாதி நெல். “ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்” என்பார். குறுவைப் பயிர் பச்சை கட்டும்போது எந்தத் துண்டில் எத்தனை ராத்திரி கிடை கிடந்தது என்று வரப்பில் நின்றே சொல்லிவிடலாம்.

இப்போது போர்வெல் போட்ட வயல்களில் கோடைக்கும் நெல் நிற்கிறது, பருத்தி நிற்கிறது. வயல் சும்மா கிடப்பதில்லை. போன வருடம் வந்த கீதாரி சாலையோரத்தில் ஆடுகளை நிறுத்திவிட்டு, “எந்தப் பக்கம் தம்பி வெறுங்காடு கிடக்கு?” என்று கேட்டார். தெற்கே இரண்டு ஊர் தள்ளி வாய்க்கால் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கும் பகுதியைச் சொன்னேன். நானூறு ஆடுகளையும் தார்ச்சாலை வழியாகவே ஓட்டிக்கொண்டு போனார்.