மோசின்-நாகன்ட் விலை ஏன் ஏறியது? பழைய ராணுவ ரைஃபிள் சந்தையைப் படிக்க ஒரு பாடம்

2000-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடைகளில் சோவியத் மோசின்-நாகன்ட் 91/30 ரைஃபிள் நூறு டாலருக்கும் கீழே கிடைத்தது. இன்று அதே ரைஃபிளுக்குப் பல நூறு டாலர். துப்பாக்கி மாறவில்லை, சந்தைதான் மாறியது. எப்படி என்று பார்ப்போம்.

படி 1: எத்தனை செய்தார்கள் என்பதோடு நிற்காதீர்கள்

மோசின் வகையில் மொத்தம் சுமார் 3.7 கோடி ரைஃபிள்கள் செய்யப்பட்டதாகச் சொல்வார்கள். அந்த எண்ணைப் பார்த்து 'இது எப்போதும் மலிவாகத்தான் இருக்கும்' என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். விலையைத் தீர்மானிப்பது கடைக்கு வந்து சேரும் சரக்கு. போருக்குப் பின் சோவியத் கிடங்குகளில் பழுதுபார்த்து, துருப்பிடிக்காமல் இருக்க காஸ்மோலின் என்ற பிசுபிசுக்கும் மசகைப் பூசி, பெட்டியில் அடுக்கி வைத்தவை 1991-க்குப் பிறகு வெளியே வந்தன. பெட்டிகள் வந்துகொண்டே இருந்தவரை விலை அசையவில்லை.

படி 2: கதவு எப்போது மூடியது?

உள்ளே வந்த சரக்கு விற்றுத் தீர்ந்துகொண்டிருந்தது. 2014-ல் ரஷ்ய ஆயுத நிறுவனங்கள் மீது தடைகள் வந்தன. 2021 ஆகஸ்டில், ரஷ்யத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் புதிய இறக்குமதி அனுமதி கிடையாது என அமெரிக்க அரசு அறிவித்தது. தோட்டாவையும் கணக்கில் சேருங்கள். 440 தோட்டா அடங்கிய பழைய தகர டப்பா மலிவாகக் கிடைத்த காலத்தில், அதற்காகவே மோசின் வாங்கியவர்கள் உண்டு.

கதவு திறந்தால் நேர்மாறாக நடக்கும். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படைக்கும் ஸூலு வீரர்களுக்கும் நடந்த ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் சண்டையைக் காட்டிய 'ஸூலு' (1964) படத்தால், அந்தக் காலப் பிரிட்டிஷ் ரைஃபிளான மார்ட்டினி-ஹென்றிக்குத் தனி மவுசு இருந்தது. 2003-ல் நேபாள அரச ஆயுதக் கிடங்கு மொத்தமாக விற்பனைக்கு வந்ததும், தூசி படிந்த மார்ட்டினிகள் சில நூறு டாலருக்கே கிடைத்தன. படத்தின் புகழ் அப்படியேதான் இருந்தது. ஆனால் பரணிலிருந்து ஒரே நேரத்தில் இவ்வளவு இறங்கினால் விலை என்ன செய்யும்?

படி 3: திரையில் வந்தது எந்த வகை?

ஸ்டாலின்கிராட் ஸ்னைப்பர் வாசிலி ஸைட்செவை நாயகனாக்கிய 'எனிமி அட் தி கேட்ஸ்' 2001-ல் வந்தது. அப்புறம் வீடியோ கேம்கள். ஆனாலும் சாதாரண 91/30 பல ஆண்டுகள் மலிவாகவே கிடந்தது. கிராக்கி கூடியது ஸ்கோப் பொருத்திய ஸ்னைப்பர் வகைக்கு. என் கணக்கில், சரக்கு ஏராளமாக இருக்கும்போது படத்தால் தனியாக விலையை ஏற்ற முடியாது. எந்த வகையை எல்லோரும் தேடுவார்கள் என்பதைத்தான் அது காட்டிக்கொடுக்கும்.

படி 4: போலியைக் கழியுங்கள்

மவுசு வந்த வகைக்குப் போலியும் வரும். சாதாரண ரைஃபிளில் புது ஸ்கோப்பை மாட்டி, ஸ்னைப்பர் என்று தலையில் கட்டுவார்கள். அசலில் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) கைப்பிடி கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஸ்கோப் தாங்கியின் எண் ரைஃபிள் எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இன்னொரு சுவாரசியம்: போருக்குப் பின் பல ஸ்னைப்பர்களின் ஸ்கோப்பைக் கழற்றி, துளைகளை அடைத்துச் சாதாரண ரைஃபிளாக்கிவிட்டார்கள். அந்த அடைப்பின் தடம் ரிசீவரின் (போல்ட் நகரும் உலோகக் கூடு) இடப்பக்கத்தில் தெரியும். விவரம் தெரியாதவர் அதைச் சாதாரண விலைக்கு விற்றதும் உண்டு.

எனவே விலை பேசும் முன், ரிசீவரின் இடப்பக்கத்தை வெளிச்சத்தில் நெருக்கமாக எடுத்த படம் ஒன்று கேளுங்கள். விற்பவர் தராமல் மழுப்பினால், சாதாரண 91/30-க்குரிய விலைக்கு மேல் ஒரு டாலரும் சொல்லாதீர்கள்.