கைப்பேசி ஒன்று, வகுப்பு முழுக்க அட்டை: பாடத்தின் நடுவிலேயே மதிப்பீடு

மலேசியத் தொடக்கப்பள்ளிகளின் ஆறாம் ஆண்டு இறுதித் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021இல் ஒழிந்தபின் வகுப்பறை மதிப்பீட்டின் சுமை ஆசிரியர் தலையில் ஏறிவிட்டது. மாணவரிடம் கைப்பேசி கிடையாது. கணினி அறைக்கு எல்லா வகுப்பும் போட்டி. கோலாலம்பூர்த் தமிழ்ப்பள்ளிகளின் இந்த நிலைக்குப் பொருத்தமானது பிளிக்கர்ஸ் என்னும் செயலி. மாணவர் காகித அட்டையைத் தூக்கிக் காட்டுவார். ஆசிரியரின் கைப்பேசிக் கேமரா விடைகளைப் படித்துக்கொள்ளும்.

40 அட்டைகள் கொண்ட தொகுப்பை அதன் இணையத்தளத்திலிருந்து இலவசமாக இறக்கி, தடித்த தாளில் அச்சிடுங்கள். பளபளக்கும் லேமினேட் வேண்டாம்: விளக்கொளி தெறித்தால் கேமரா தடுமாறும். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு கறுப்புக் கட்டமும், அதன் நான்கு பக்கங்களில் ஏ, பி, சி, டி எழுத்துகளும், ஓர் எண்ணும் உண்டு. அந்த எண்ணை வருகைப் பதிவேட்டு எண்ணோடு பொருத்திவிடுங்கள்.

வேலையெல்லாம் கேள்வி அமைப்பதில்தான். 1/2 + 1/3 எவ்வளவு? விடை 5/6. 2/5 என்பவர் தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியவர். 2/6 என்பவர் பகுதியை 6 ஆக்கிவிட்டுத் தொகுதியை அப்படியே விட்டவர். 1/5 என்பவர் பகுதிகளை மட்டும் கூட்டியவர். ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குழப்பத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இடம் நிரப்பப் போட்ட விடையால் பயனில்லை. பின்னங்களைத் தட்டச்சு செய்து மல்லுக்கட்டாமல் வெண்பலகையில் எழுதுங்கள். செயலிக்குச் சரியான விடை ஏ, பி, சி, டியில் எது என்று தெரிந்தால் போதும்.

தேர்ந்த எழுத்து மேலே இருக்குமாறு அட்டையின் ஓரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள்; விரல் கறுப்புக் கட்டத்தை மறைத்தால் அந்த விடை பதிவாகாது. சன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்து அமர்ந்தவரின் அட்டை இருண்டு தெரியும், பக்கவாட்டில் நகர்ந்து எடுங்கள். பெயரோடு விடை தெரியும் திரையை மட்டும் வகுப்புக்குக் காட்டாதீர்கள்.

ஹார்வர்ட் பேராசிரியர் எரிக் மசூரின் வழக்கம் இங்கும் உதவும்: சரியான விடை 30 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் மறுபடி கற்பியுங்கள்; 30 முதல் 70 வரை என்றால் விடையைச் சொல்லாமல் இருவர் இருவராக வாதாடவிட்டு மீண்டும் கேளுங்கள்; அதற்கு மேல் என்றால் சிறு விளக்கம் தந்து நகருங்கள்.

எண்ணிக்கையை அப்படியே நம்பவும் வேண்டாம். விடை தெரியாத 20 பேர் கண்ணை மூடிக்கொண்டு காட்டினாலும் சுமார் 5 பேர் சரியாகிவிடுவர். ஆகவே மாணவரின் அடைவுநிலையை (1 முதல் 6 வரையிலான தேர்ச்சிப் படி) பதியுமுன் வழிமுறையை நோட்டில் எழுதச் சொல்லிப் பாருங்கள். 5, 6ஆம் அடைவுநிலைகளுக்கு அட்டை விடை சான்றாகாது.