வளர்ப்புப் பறவைக்கு வேஷம் கட்டிப் படம் எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

காக்டெயில் என்ற கொண்டைக் கிளிக்குக் கிறிஸ்துமஸ் தொப்பி, லவ் பேர்ட்ஸுக்குக் குட்டி அங்கவஸ்திரம், ஆப்பிரிக்கன் கிரே என்ற சாம்பல் கிளிக்குக் கடற்கொள்ளையன் கோட்டு. விநோதமான பொழுதுபோக்குதான், ஆனால் இதற்கும் உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். இந்தப் படங்களில் பெரும்பாலும் பறவை அசையாமல் நேராக நிற்கும். பார்ப்பவர்கள் "என்னமா போஸ் கொடுக்குது!" என்பார்கள். எடுத்தவரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருப்பார். எல்லாத் தவறும் அந்த நம்பிக்கையில்தான் தொடங்குகிறது.

கிளி இனங்கள் காட்டில் பருந்துக்கும் பாம்புக்கும் இரையாகிறவை. ஓட வழியில்லை என்று பட்டால் உறைந்து நின்றுவிடும். இறகுகள் உடம்போடு ஒட்டி, பறவை வழக்கத்தைவிட ஒல்லியாகத் தெரிந்தால் அது பயந்திருக்கிறது. காக்டெயிலின் கொண்டை விறைப்பாகச் செங்குத்தாக நின்றால் திடுக்கிட்டிருக்கிறது. தலையோடு படிந்து பின்னுக்குப் போனால் எரிச்சல் அல்லது பயம். அலகைத் திறந்து வைத்திருப்பதை "சிரிக்குது பாருங்க" என்று தலைப்புப் போட்டுப் பகிர்கிறார்களே, அதில் பாதிக்கு மேல் மூச்சிரைப்பாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினால் அந்த நிமிடமே உடையைக் கழற்ற வேண்டும். நிம்மதியாக இருக்கும் பறவை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், அலகை நறநறவென்று உரசும், இறகு கோதும். உடை போட்ட பிறகும் இதெல்லாம் நடந்தால் மட்டும் கேமராவை எடுங்கள்.

அடுத்தது நெஞ்சு. மூச்சிழுக்க நமக்கு உதவும் உதரவிதானம் என்ற தசைத் திரை பறவைக்குக் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்றுப் பைகளுக்குள் காற்று போய் வரும். ஆகவே மூக்கை மூடாமலேயே பறவையை மூச்சுத் திணற வைக்க முடியும். நெஞ்சைச் சுற்றி இறுக்கினால் போதும். பொம்மைக்குத் தைத்த சட்டை, எலாஸ்டிக் வைத்த பனியன், வெல்க்ரோ போட்ட பெல்ட் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு. சரி, தளர்வாகக் கட்டினால்? அதுவும் சிக்கல்தான். கழற்றப் பார்க்கும் பறவையின் கீழ் அலகோ நகமோ அந்த வளையத்தில் மாட்டிக்கொள்ளும். கழுத்துக்குக் கீழே, தின்றதைச் சேர்த்து வைக்கும் தீனிப்பை வேறு இருக்கிறது. தினை தின்று அது நிரம்பியிருக்கும் நேரத்தில் அங்கே எதைக் கட்டினாலும் தின்றது மேலே வரும்.

உடையே கூடாது என்கிறாயா, பென்குயினுக்கு ஸ்வெட்டர் போடவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. போட்டார்கள். ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவுப் பக்கம் 2001-இல் கடலில் எண்ணெய் கசிந்து 'லிட்டில் பென்குயின்' என்ற சின்ன இனப் பென்குயின்கள் 438 பாதிக்கப்பட்டன. மீட்டவற்றுக்குக் கம்பளிச் சட்டை மாட்டியதற்கு முக்கியக் காரணம், அவை இறகு கோதி அந்த எண்ணெயை விழுங்கிவிடக் கூடாது என்பது. அதாவது அந்தச் சட்டையின் வேலையே கோதவிடாமல் தடுப்பது. உடம்பு சரியாக இருக்கும் பறவைக்கு அதே தடையைப் போட்டால் என்ன ஆகும்? இறகை ஒழுங்குபடுத்துவதும் தன் உடம்பில் சுரக்கும் எண்ணெயை அதில் பூசிக்கொள்வதும் அதன் அன்றாட வேலை. நம் ஊர் வெயிலில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பறவைக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. உடல் வெப்பம் சாதாரணமாகவே 40 டிகிரிக்கு மேல். இரைக்கும், சிறகை உடம்பிலிருந்து விலக்கிப் பிடிக்கும். சூடு தணிக்க அதற்குள்ள வழிகள் அவை. சிறகைச் சேர்த்துத் தைத்த கோட்டு அதையும் அடைத்துவிடும். சித்திரை, வைகாசியில் மதிய நேரத்துப் படப்பிடிப்பு வேண்டவே வேண்டாம்.

எடையை யாரும் யோசிப்பதில்லை. காட்டுப் பறவைகள் மேல் தடம் காட்டும் கருவி கட்டும் ஆராய்ச்சியாளர்கள், கருவியின் எடை பறவையின் எடையில் 3 சதவீதம், மிஞ்சினால் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறார்கள். நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி வளர்க்கிற பட்ஜி 35 கிராம் இருக்கும். கணக்குப் போட்டால் 1 கிராமிலிருந்து ஒன்றே முக்கால் கிராம் வரை. ஒரு ரூபாய் நாணயமே 3 கிராமுக்கு மேல். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் யூலியஸ் நொய்ப்ரொன்னர் என்ற மருந்துக் கடைக்காரர் புறாவின் நெஞ்சில் கேமரா கட்டி வானிலிருந்து படம் எடுத்தார். 1908-இல் காப்புரிமையும் வாங்கினார். அவரே எடுத்த எடுப்பில் கேமராவைக் கட்டிவிடவில்லை, சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்கினார். நம் ஆட்களோ கூரியரில் வந்த தொப்பியைப் பிரித்த கையோடு மாட்டிவிடுகிறார்கள். முதலில் துணியைக் கூண்டுக்குப் பக்கத்தில் போட்டு வையுங்கள். பறவை தானாக வந்து கொத்திப் பார்க்கட்டும். பக்கத்தில் வந்தால் ஒரு தினைக் கதிர். பிடிக்காமல் நகர்ந்து போனால் அன்றைக்கு அதோடு விடுங்கள்.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமிக்கி, ஜிகினா, பாசிமணி, சலங்கை எதுவும் ஆகாது. கிளி கடிக்கும், கடித்தால் விழுங்கும். மலிவான உலோக அலங்காரத்தில் துத்தநாகமோ ஈயமோ இருந்தால் அது நேரே விஷம். பிரிந்து தொங்கும் நூல் விரலைச் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்தும். இறகு உதிர்த்து முளைக்கும் காலத்தில் எதையும் மாட்டக் கூடாது. புதிதாக வரும் இறகின் தண்டில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், ஒடிந்தால் கசியும். ஒரு பட்ஜியின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 3 மில்லிக்குக் கொஞ்சம் மேலே. பசை, சாயம், ஸ்ப்ரே பற்றிப் பேசவே வேண்டியதில்லை. திருவிழாவில் விற்கும் கலர் கோழிக்குஞ்சைப் பார்த்துவிட்டு வெள்ளைக் காக்டெயிலுக்கு ரோஸ் அடிக்கத் தோன்றினால், அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

படம் எடுக்கும் அறையைப் பார்த்தால் எனக்குப் பயம் சீலிங் ஃபேன்தான். உடையோடு மிரண்டு எழும்பும் பறவையால் சரியாகத் திரும்ப முடியாது. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கண்ணாடிக்குத் திரை போட்ட பிறகே கூண்டைத் திறக்க வேண்டும். தீபாவளிப் படத்துக்கு மத்தாப்பு, பூஜைப் படத்துக்குச் சாம்பிராணிப் புகை என்று சூழல் சேர்ப்பதும் தவறு. பறவையின் நுரையீரல் புகையைத் தாங்காது. பூனையையும் கிளியையும் சேர்த்து வைத்து எடுப்பவர்களுக்கு ஒன்று: சின்னக் கீறல் போதும், பூனை வாயிலிருக்கும் கிருமி பறவையைக் கொன்றுவிடும்.

இதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று இருக்கிறது. அந்தப் பறவையை வைத்திருக்கலாமா? பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 தேர்தல் நேரத்தில் கடலூரில் கிளி ஜோசியர்களை வனத்துறை பிடித்தது நினைவிருக்கலாம். ஆப்பிரிக்கன் கிரே போன்ற வெளிநாட்டு இனங்களை, 2024-இல் வந்த விதிகளின்படி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்ஜி, காக்டெயில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

இவ்வளவும் படித்துவிட்டு அப்படியானால் என்னதான் எடுப்பது என்று கேட்டால், உடை படத்தில் இருந்தால் போதும், பறவை மேல் இருக்க வேண்டியதில்லை என்பதுதான் என் பதில். அட்டையில் ராஜா உடம்பை வரைந்து வெட்டிப் பறவை நிற்கும் கொம்புக்கு முன்னால் நிறுத்துங்கள். தலை மட்டும் மேலே தெரியும். பொருட்காட்சியில் அட்டைக்குப் பின்னால் நின்று நாம் முகம் காட்டுவோமே, அதே வித்தை. தொப்பியைக் கம்பியில் மாட்டி லென்ஸுக்கு அருகே பிடித்தால், கோணம் பார்த்துத் தலையில் உட்கார வைத்துவிடலாம். கேமராவை அசைக்காமல் பறவையைத் தனியாகவும் உடையைத் தனியாகவும் எடுத்து அப்புறம் போனிலேயே ஒட்டிக்கொள்ளலாம். இதில் வரும் சிரிப்பு, சட்டை மாட்டிய படத்தில் வருவதைவிடக் குறைவாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னலோரத்துக் காலை வெளிச்சம் போதும். மலிவான எல்இடி விளக்கை நம்பினால் வேகமான ஷட்டரில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். பறவை தலையை வெடுக்கென்று திருப்பும் என்பதால் ஷட்டர் வேகம் 1/500 நொடியாகவோ அதைவிட வேகமாகவோ இருக்கட்டும். மேலிருந்து குனிந்து எடுக்காமல் அதன் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். பெரிய லென்ஸ் என்றால் கேமராவை முதல் நாளே அறையில் வைத்துப் பழக்குங்கள். வெள்ளைக் காக்டெயில் படம் முழுக்க நிறைந்திருந்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கும், எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவை, சற்றுக் கூட்ட வேண்டும். பின்னணி கறுப்புத் துணி என்றால் நேர்மாறு, குறைக்க வேண்டும். போனின் போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்கள். அது கொண்டையைப் பின்னணி என்று நினைத்து மழுக்கிவிடும்.