விருந்துக் காட்சியில் சாப்பாட்டைத் தேடாதீர்கள்

நாவலில் ஒரு விருந்து வந்துவிட்டால் பலருக்குக் கை பரபரக்கிறது. இருபது புதிய பெயர்கள், ஆளுக்கொரு பேச்சு, கதை நகர்வதாகவும் தெரிவதில்லை. பக்கங்களைத் தாண்டிவிடுகிறார்கள். டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ தொடக்கத்தை நானும் இரண்டு முறை அப்படித் தாண்டியவன்தான்.

இந்தத் தவறுக்கு நம் சொல்லும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பார்ட்டியை விருந்து என்று எழுதுகிறோம். விருந்து என்றதும் சாப்பாடு நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் அந்தச் சொல் புதுமையைக் குறித்தது, அதன் வழியே புதிதாக வந்தவரையும் குறித்தது. ‘முகந்திரிந்து நோக்கக் குழையும் விருந்து’ என்று வள்ளுவர் சொல்லும்போது வாடிப்போவது உணவல்ல, ஆள். இலக்கியத்தில் வரும் விருந்துகளைப் படிக்க இந்தப் பழைய பொருளே உதவும். அந்த அறைக்குப் புதியவர் யார் என்று தேடுங்கள்.

டால்ஸ்டாயின் அந்த முதல் காட்சி 1805 ஜூலையில், பீட்டர்ஸ்பர்க் சீமாட்டி ஒருத்தியின் வீட்டில் நடக்கிறது. அங்கே எல்லாப் பெயர்களையும் மனப்பாடம் செய்ய முயல்வது வீண் வேலை. பியர் உள்ளே நுழையும் இடத்தில் மட்டும் நின்று படியுங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பியவன், மேல்தட்டுக் கூட்டத்துக்கு அன்றுதான் முதன்முறையாக வருகிறான். அவனைக் கண்டதும் வீட்டுக்காரியின் முகத்தில் கலவரம். நூற்பாலை முதலாளி நின்றுபோன கதிர்களைத் தேடிப் போவதுபோல, பேச்சு சீராக ஓடுகிறதா என்று சுற்றிச் சுற்றி வருபவள் அவள். பியர் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடக் கூடியவன். போதாக்குறைக்கு, நெப்போலியனைத் திட்டுவதைக்கூட அந்தக் கூட்டம் பிரெஞ்சு மொழியில்தான் செய்கிறது. முழுவதும் ஒரே மொழியாகிவிடும் மொழிபெயர்ப்பில் இந்தக் கேலி காணாமல் போய்விடும்.

அடுத்த தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது: அந்தக் காலத்து விதிகள் தெரியாமல் பாத்திரங்களுக்குத் தீர்ப்பு எழுதுவது. ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ (1813) நாவலில் ஊர் நடனம் ஒன்றில் டார்சி, கதாநாயகி எலிசபெத்துடன் ஆட மறுக்கிறான். கூச்ச சுபாவம் என்று நாம் மன்னித்துவிடலாம். ஆனால் அன்று ஆண்கள் குறைவு. துணை கிடைக்காமல் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எலிசபெத்தே இரண்டு ஆட்டங்களுக்கு அப்படி உட்கார்ந்திருந்தவள். அந்த நிலையில் ஓர் ஆண் சும்மா நிற்பது ஊர் முழுக்கப் பார்க்கும் அவமரியாதை. பிறகு வரும் இன்னொரு நடனத்தில், விடாமல் பின்தொடரும் உறவினர் காலின்ஸை அவள் தவிர்த்ததும் வேறு யாருடனும் ஆட முடியாமல் போகிறது. ஒருவரை மறுத்த பெண் மற்றவர்க்கும் இணங்கக் கூடாது என்பது அன்றைய மரியாதை. இது தெரியாதவருக்கு அவள் ஏன் அந்த மனிதரிடம் அப்படி மாட்டிக்கொண்டு விழிக்கிறாள் என்பதே புரியாது. ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவல் நிகழும் 1922-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தது. அங்கே நிரம்பும் கோப்பைகளுக்குப் பின்னால் சட்டத்துக்குப் புறம்பான மது வியாபாரம் இருக்கிறது.

கேட்ஸ்பி என்றதும் இன்னொன்று. அந்த நாவலின் பெயரில் மினுமினுப்பான பார்ட்டிகள் நடத்துகிறார்கள். படித்துவிட்டுத்தான் நடத்துகிறார்களா என்று கேட்கத் தோன்றும். நாவலில் கேட்ஸ்பியின் விருந்துகளுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அழைக்கப்படாதவர்கள். வீட்டுக்காரன் கொலை செய்தவன், ஜெர்மானிய உளவாளி என்றெல்லாம் அவன் மதுவைக் குடித்துக்கொண்டே வதந்தி பேசுகிறார்கள். (விருந்தில் பேசப்படுவதை ஆசிரியர் தரும் தகவலாக எடுத்துக்கொள்வதும் ஒரு தவறுதான்.) அத்தனை விளக்கும் அவன் காதலித்த ஒரே ஒருத்தி வரமாட்டாளா என்பதற்காக எரிந்தவை. அவன் இறுதிச் சடங்குக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அறைக்குள் இருப்பவர்களை மட்டும் கணக்கெடுப்பதும் போதாது. ஃப்ளொபேரின் ‘மேடம் பொவாரி’ நாவலில், பிரபு வீட்டு நடனத்தில் புழுக்கம் தாங்காமல் ஒரு வேலைக்காரன் நாற்காலியில் ஏறி ஜன்னல் கண்ணாடியை உடைக்கிறான். சத்தம் கேட்டு நாயகி எம்மா திரும்புகிறாள். வெளியே தோட்டத்தில், கண்ணாடியில் முகம் பதித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் உழவர்கள். அவள் பிறந்து வளர்ந்த பண்ணை ஒரு கணம் நினைவில் வந்து போகிறது. வர்ஜீனியா உல்ஃப் எழுதிய ‘மிஸஸ் டாலோவே’ (1925) நாவலிலோ, அந்த மாலையின் முக்கிய விருந்தாளி வந்து சேர்வதே இல்லை. ஓர் இளைஞன் தற்கொலை செய்துகொண்ட செய்தி மட்டும் மருத்துவர் தம்பதியோடு வருகிறது. விருந்து நடத்தும் கிளாரிஸா, அவனைப் பார்த்தே இராதவள், தனியறைக்குப் போய் நிற்கிறாள்.

விருந்து முடிந்ததும் காட்சி முடிந்தது என்று எண்ணிப் புத்தகத்தை மூடிவைப்பவர்கள், ஜாய்ஸின் ‘தி டெட்’ கதையைப் பாதியில் விட்டவர்கள் ஆகிவிடுவார்கள். நாயகன் கேப்ரியல் அன்று விருந்து மேஜையில் தான் ஆற்ற வேண்டிய உரையைப் பற்றியே கவலைப்படுகிறான். பேச்சு நன்றாகவே முடிகிறது. எல்லோரும் கிளம்பும் நேரத்தில் மாடிப்படியின் நிழலில் ஒரு பெண் நின்று, மேலே யாரோ பாடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். முகம் தெரியவில்லை. பாவாடையின் நிறத்தை வைத்துத்தான் கண்டுகொள்கிறான், அவள் தன் மனைவி என்று.