இடுப்பு டிஸ்க் ஆபரேஷன்: தழும்பு சின்னதுதான், கவனம் சின்னதாக இருக்கக் கூடாது

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘எல்4-எல்5 டிஸ்க் பிதுக்கம்’ (இடுப்பில் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கியிருக்கிறது) என்று பார்த்ததுமே ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதுதான் முதல் தவறு. நாற்பது வயது தாண்டியவர்களில் வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் பிதுக்கம் தெரியும். ஸ்கேனும் வலியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். இடுப்பிலிருந்து காலுக்குப் போகும் எல்5 நரம்பு நசுங்கினால் வலி தொடையின் வெளிப்புறமாக இறங்கிக் கால் பெருவிரல் வரை போகும். அதற்கு அடுத்துக் கீழே உள்ள எஸ்1 நரம்பு என்றால் கெண்டைக்கால், குதிகால், சுண்டுவிரல் பக்கம். வலி இடுப்போடு நின்றுவிடுகிறதா? அப்படியானால் இந்த ஆபரேஷனில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். நரம்பை அழுத்தும் டிஸ்க் துண்டைத்தான் எடுக்கிறார்கள். தேய்ந்த டிஸ்க் புதிதாகிவிடாது.

‘லேசர்ல சின்ன ஓட்டை போதுமாம்’ என்ற பேச்சை நம்பி அலைவது அடுத்தது. மைக்ரோஸ்கோப் வழியாகச் செய்தால் வெட்டு சுமார் 2 முதல் 3 செ.மீ.; எண்டோஸ்கோப் என்றால் 1 செ.மீ.க்கும் குறைவு. கால்வலி குறைவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வெட்டின் அளவைக் கேட்பதைவிட, உங்கள் மருத்துவருக்கு எந்த முறை நன்றாகக் கைவந்தது என்று கேளுங்கள்.

அவசரமும் கூடாது, தாமதமும் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் மாத்திரை, நடை, உடற்பயிற்சியிலேயே கால்வலி அடங்கிவிடும். ஆனால் சிறுநீர் பிரியாமல் அடைத்தாலோ, தன்னறியாமல் போனாலோ, மலம் போகும் இடத்தைச் சுற்றி மரத்துப்போனாலோ, நடக்கும்போது பாதம் தூக்க வராமல் தரையில் தட்டினாலோ காத்திருக்கக் கூடாது. ‘எண்ணெய் போட்டு உருவினா ஜவ்வு உள்ள போயிரும்’ என்று ஆள் தேடும் நேரத்தில் நரம்பு செத்துக்கொண்டிருக்கும். அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி மாதிரி நரம்பியல் அறுவைப் பிரிவு உள்ள இடத்துக்குப் போய்விட வேண்டும்.

இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை ஏறிக்கிடந்தால் புண் சீழ்பிடிக்கும். பீடி, சிகரெட் டிஸ்க்குக்கும் ஆகாது.

நிறைய தவறு நடப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான். வெளியே தையல் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். துண்டு பிதுங்கி வந்த டிஸ்க் உறையின் ஓட்டை மூட மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் குனிந்து முறுக்கித் தூக்கினால் அதே ஓட்டை வழியாக இன்னொரு துண்டு வந்துவிடும். தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் குடம் பதினைந்து கிலோ வரும். முதல் ஆறு வாரத்துக்கு இரண்டு, மூன்று கிலோவே அதிகம். நடவு, மூட்டை தூக்கும் வேலைக்கெல்லாம் மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும்.

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் பெண்களுக்கு இதில் தனிச் சிக்கல். பாரம் ஒன்றும் தூக்கவில்லையே என்று பத்தாம் நாளே உட்கார்ந்துவிடுகிறார்கள். தரையில் குனிந்து உட்கார்ந்திருக்கும்போது டிஸ்க்கில் ஏறும் அழுத்தம் நிற்பதைவிட அதிகம். திரும்ப ஆரம்பிக்கும்போது முதுகு சாய்த்த நாற்காலி, சுளகுக்கு உயரமான மேசை, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடை. கழிப்பறையில் குத்தவைக்காமல் இருக்க கமோடு ஸ்டூல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவர்கள் பஸ்ஸின் கடைசி சீட்டில் குலுங்கிக்கொண்டு போக வேண்டாம். காரில் முன்சீட்டைச் சாய்த்துப் படுத்து, ஆலங்குளத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்துவிட்டுப் போகலாம். பைக் ஆறு வாரத்துக்குத் தொடக் கூடாது. சீசன் வந்துவிட்டதென்று குற்றாலத்தில் எண்ணெய் மசாஜ் செய்து அருவியில் முதுகைக் காட்டுவதும் அந்த மூன்று மாதத்துக்கு வேண்டாம். தண்ணீர் அடிப்பதைவிட, பாசிபிடித்த பாறையில் வழுக்குவதுதான் பயம்.

அதற்காகப் படுத்தே கிடப்பதும் தவறுதான். ஆபரேஷன் நடந்த அன்றோ மறுநாளோ நடக்க வைப்பார்கள். தினமும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போங்கள். பெல்ட்டை மாதக்கணக்கில் இறுக்கிக் கட்டினால் முதுகுத் தசை வலுவிழக்கும்.

கால் மரமரப்பு உடனே போகாது, மாதங்கள் ஆகலாம். அதைக் கண்டு பதற வேண்டாம். உட்கார்ந்தால் தலை பிளந்து, படுத்தால் குறைந்தால், அல்லது தையலில் தெளிந்த நீர் கசிந்தால், நரம்பு உறை கிழிந்திருக்கலாம். நன்றாக இருந்துவிட்டு இரண்டு, மூன்று வாரம் கழித்துப் புரளக்கூட முடியாத இடுப்புவலி வந்தால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் டிஸ்க்கில் கிருமி தொற்றியிருக்கலாம். வலி மாத்திரை போட்டுச் சமாளிக்காமல், ஆபரேஷன் செய்த இடத்துக்கே போய் கிருமித் தொற்று இருக்கிறதா என்று அறிய உதவும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள்.