அட்டைத் தறியில் ஒரு கிலிம் புறா

துருக்கிக் கிலிம் (தட்டையாக நெய்த கம்பளி விரிப்பு) விரிப்புகளில் வரும் பறவைகளுக்கு வளைவே இருக்காது. எல்லாம் படிக்கட்டு படிக்கட்டாக நிற்கும். காரணம் தெரிய வேண்டுமா? ஒன்று நெய்து பாருங்கள்.

1. பறவையைத் தேர்ந்தெடுங்கள். ஆந்தையும் அண்டங்காக்கையும் அங்கே அபசகுனம். செங்கால் நாரைக்கு மரியாதை அதிகம்: குளிருக்குத் தெற்கே பறப்பதால் மெக்கா போய்வருவதாக எண்ணி ‘ஹாஜி நாரை’ என்பார்கள். 13ஆம் நூற்றாண்டு ஞானி ஹாஜி பெக்தாஷ் வேலி, புறா உருவில் பறந்துவந்து அனத்தோலியாவில் (துருக்கியின் ஆசியப் பகுதி) இறங்கினார் என்பது, அவர் பெயரால் அமைந்த பெக்தாஷி சூஃபி மரபுக் கதை. நமக்குப் புறா போதும், நெய்யவும் சுலபம்.

2. கட்டத்தாளில் கீழிருந்து மேலாக வரையுங்கள். முதல் வரிசை 2 கட்டம், அடுத்தது 4, அடுத்தது 6. நான்காவதில் இடது ஓரம் ஒரு கட்டம் வால், வலது ஓரம் இரண்டு கட்டம் கழுத்து. ஐந்தாவதில் கழுத்தின் மேல் மூன்று கட்டம் தலை; வெளியே நீளும் கட்டம்தான் அலகு.

3. கெட்டி அட்டையின் மேலும் கீழும் அரை செ.மீ. இடைவெளியில் வெட்டி, பருத்தி நூலைப் பாவாக, அதாவது நெட்டுவாக்கில் நிற்கும் இழைகளாக, சுற்றுங்கள். 30 இழை தாராளம்.

4. ஊடைக்கு, அதாவது பாவுக்கு மேலும் கீழுமாகக் குறுக்கே ஓடும் நூலுக்கு, கம்பளி நூல். ஒரு கட்டம் என்பது 2 பாவு, 4 வரி (ஊடை ஒருமுறை குறுக்கே போனால் ஒரு வரி). முக்கியமான இடம் இதுதான்: நிறம் மாறும் இடத்தில் இரண்டு நூலையும் பின்னாதீர்கள், ஒவ்வொன்றும் தன் கடைசிப் பாவைச் சுற்றித் திரும்பட்டும். நடுவே காஜா போல ஒரு பிளவு விழும். துருக்கியில் இந்த நெசவின் பெயரே ‘இலிக்லி’, காஜா உள்ளது என்று அர்த்தம். பிளவு நீண்டால் விரிப்பு தொய்ந்துவிடும். அதனால்தான் நெசவாளி நிற எல்லையை அடிக்கடி ஓரிரு பாவு தள்ளுகிறாள், பறவைக்குப் படிக்கட்டு வருகிறது.

நான்காவது வரிசையில் தரை (பின்னணி நிறம்), வால், தரை, கழுத்து, தரை என ஐந்து நூல்துண்டுகள் தொங்கும். சிக்கிக்கொள்ளும், பொறுமை. எனக்கு முதல் முறை கழுத்து காணாமல் போய், வீட்டில் கோழி என்றார்கள்.

5. ஒவ்வொரு வரியையும் முள்கரண்டியால் பாவு மறையும்வரை தட்டுங்கள். அங்கே இதற்குக் ‘கிர்கித்’ என்ற கனத்த சீப்பு உண்டு.

அடுத்ததாக, நடுவில் ஒரு மரம் வைத்து இருபுறமும் புறா நெய்யலாம். வாழ்வு மரத்தில் அமர்ந்த பறவையை, பறக்கக் காத்திருக்கும் உயிர் என்பார்கள். ஸ்வீடனின் மார்பி தேவாலயத்தில் கிடைத்த பழைய அனத்தோலியக் கம்பளத்திலும் இதே அமைப்புதான்.

மாதிரி தேடும்போது ஒன்று: ‘பறவைக் கம்பளம்’ எனப்படும் வெள்ளைத்தரை உஷாக் (மேற்குத் துருக்கி ஊர்) கம்பளங்களைப் பார்த்து வரையாதீர்கள். உற்றுப் பார்த்தால் அவை பூவைச் சுற்றிய இலைகள்.