நொண்டும் கோழியைக் கையிலெடுத்துப் பார்க்கும் முறை

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ஆடிக் காற்றோடு சாரலும் சேர்ந்தடிக்கும் நாட்களில் கோழியடைக்கும் கொடாப்புக்கடியில் தரை காய்வதேயில்லை. அந்த ஈரத்தில் நிற்கும் கோழி நொண்டத் தொடங்கினால், உடனே எண்ணெய் காய்ச்சித் தடவாமல், இருட்டியபின் அது அடைந்திருக்கும்போது மெதுவாகத் தூக்கி, விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலிலிருந்து மேல்நோக்கிப் பார்க்க வேண்டும்.

முதலில் விரல்களின் இடுக்கைப் பாருங்கள். என் பெட்டைக்கோழி ஒன்று நொண்டியபோது சுளுக்கு என்று நானே முடிவுகட்டி மஞ்சள் பற்றுப் போட்டேன்; விரலடியில் தலைமுடி சுற்றி இறுகியிருந்ததைக் கண்டபோது விரல் கறுத்துவிட்டிருந்தது. அந்த வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை.

உள்ளங்காலில் கறுத்த பொருக்கும் வீக்கமும் இருந்தால் அது கால் ஆணி. உயரத்திலிருந்து கடினத் தரையில் குதிப்பதாலும் ஈரத்தாலும் தோல் நைந்து, அதன் வழியே கிருமி உள்ளே புகுகிறது. வெதுவெதுப்பான உப்புநீரில் பத்து நிமிடம் காலை ஊறவைத்து, ஈரம் ஒற்றி, போவிடோன் அயோடின் தடவி, துணி வைத்துக் கட்டி, உலர்ந்த வைக்கோலில் விடுங்கள்; கட்டை நாள்தோறும் மாற்ற வேண்டும். பிளேடால் கீறாதீர்கள், வீக்கம் பெரிதாக இருந்தால் அது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை.

கணைக்காலின் செதில்கள் தூக்கி, சுண்ணாம்பு பூசியதுபோல் சொரசொரப்பாக இருந்தால், செதிலுக்கடியில் கண்ணுக்குத் தெரியாத உண்ணி குடியிருக்கிறது. மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் தோலைப் புண்ணாக்கும். சோப்பு நீரில் கழுவித் துடைத்து வாசலின் பூசி, வாரந்தோறும் அதையே சில வாரங்கள் செய்யுங்கள். ஒரு கூட்டில் அடையும் கோழிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே செய்ய வேண்டும்.

குஞ்சுகளின் கதை வேறு. வழுக்கும் செய்தித்தாளில் விட்ட குஞ்சுக்குக் கால்கள் இருபுறமும் விரிந்துவிடும். முதல் சில நாட்களுக்குள் மெல்லிய பிளாஸ்திரியால் இரு கால்களையும் இயல்பான இடைவெளியில் இணைத்து, சாக்கின் மேல் விட்டால் பெரும்பாலும் நேராகும். இரண்டு வாரக் குஞ்சு விரல்களை உள்ளே மடக்கிக் கணைக்காலில் நடந்தால் பி2 வைட்டமின் குறைவாக இருக்கலாம். பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்து தாமதமின்றிக் கொடுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதால் அதைக் குஞ்சுகளுக்குப் போடக்கூடாது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

காலில் எதுவும் தென்படாமல், இரண்டு மூன்று மாதக் கோழி ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் நீட்டிக் கிடந்தால் மாரெக்ஸ் என்னும் வைரஸ் நோயை நினைக்க வேண்டும். அதற்கு மருந்து இல்லை. பொரித்த முதல் நாளே போடும் தடுப்பூசி மட்டுமே காப்பு, வீட்டில் அடைவைத்துப் பொரித்த குஞ்சுக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. கழுத்துத் திருகலும் பச்சைக் கழிச்சலும் சேர்ந்திருந்தால், வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயாக இருக்கலாம். அந்தக் கோழியை உடனே பிரித்து வைத்து, அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

நடக்க முடியாத கோழிக்குத் தீனியும் தண்ணீரும் அலகுக்கு எட்டும்படி வைத்து, நாளுக்கு நான்கைந்து முறை புரட்டிப் படுக்கவையுங்கள். ஒரே பக்கமாகக் கிடந்தால் நெஞ்சில் புண் வரும்.